நாற்பத்தொரு வீதத்தில் நின்றது

என் கணவருக்குக் கொஞ்சமாவது கேட்டுக்கொண்டிருந்ததை ஒன்றுமே கேட்காமல் ஆக்கியவள் நான்தான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இனி வரும் பக்கங்களில் கணினியை நிறையத் திட்டப்போகிறேன். முதற் குற்றவாளி யார் என்பது வாசிப்பவருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

அவருடைய வலது காது யுத்த காலத்தில் ஒரு ஷெல்லோடு போனது. இடது காதில் மிஞ்சியதை ஒரு காதுக்கருவி தாங்கிப் பிடித்துக்கொண்டிருந்தது. கனடாவில் இருக்கும் என் மச்சாள், அதாவது அவருடைய தங்கை, அனுப்பிய கருவி அது. புதிதல்ல, அங்கே யாரோ பாவித்தது. கொழும்பில் அதைப் பொருத்திக் கொடுத்த இடத்தில் சில வருடங்கள் கழித்து, இந்த மொடலை இனிப் பார்ப்பதில்லை, புதிது வாங்குங்கள் என்று சொல்லிவிட்டார்கள். புதிதின் விலையைக் கேட்டுவிட்டு இரண்டுபேரும் யாழ்ப்பாண ரயிலில் ஏறி உட்கார்ந்தோம்.

மச்சாள் விடவில்லை. காதுக்கருவி வேலையிலிருந்து ஓய்வுபெற்ற ஒருவரை அங்கே தேடிப் பிடித்தார். கருவியில் எந்தச் சத்தத்தை எவ்வளவு கூட்டுவது, எதைக் குறைப்பது என்று எழுதிவைக்கும் பழைய பெட்டி ஒன்று அந்த மனிதரிடம் சும்மா கிடந்ததாம். அதையும், அதன் வயரையும், மென்பொருள் இருந்த ஒரு சீடியையும், பெட்டியைவிடப் பாரமான ஒரு ட்ரான்ஸ்போமரையும் துவாய்களில் சுற்றி, சொக்லேட்டுகளுக்கு நடுவே வைத்து அனுப்பிவிட்டார். ட்ரான்ஸ்போமர் எதற்கென்றால், கனடாச் சாமானுக்கு எங்கள் கரண்ட் ஒத்துவராது. பாதியாகக் குறைத்துக் கொடுக்க வேண்டும். வெளிநாட்டில் சொந்தக்காரர் இருக்கிற வீடுகளில் இப்படி ஒரு இரும்புக் கட்டி எங்காவது ஒரு மூலையில் இரைந்துகொண்டிருக்கும்.

சீடியிலிருந்த மென்பொருள் இப்போதைய கணினி எதிலும் ஏறாது. நான் பள்ளிக்கூடத்தில் கணினி படிப்பிக்கிறவள், இதற்கெல்லாம் அசருவேனா? வேர்ச்சுவல் மெஷின் என்று ஒன்று இருக்கிறது. கணினிக்குள் இன்னொரு கணினி இருப்பதாகப் பாவனை பண்ணும் மென்பொருள். வெளியே புதுக் கணினி ஓடிக்கொண்டிருக்கும். அதன் திரையில் ஒரு சதுரத்துக்குள் இருபது வருடப் பழைய கணினி ஒன்று தன்பாட்டில் ஓடும். அந்தச் சதுரத்துக்குள் சீடியை ஏற்றிப் பெட்டியை இணைத்தேன். வேலை செய்தது. இரண்டு வருடங்களுக்கு முன் என் கையாலேயே அவருடைய கருவியைச் சீராக்கினேன். மச்சாளுக்கு வீடியோவில் காட்டிப் பெருமையும் பேசினேன். எங்கள் ஊரில் நாவூறு என்பார்கள். என் நாவூறு எனக்கே பட்டதோ என்று பிறகு நினைத்ததுண்டு.

இந்த வருடம் ஆவணியில் அவருக்கு ஒரு காய்ச்சல் வந்து போனது. அதன்பின் காது இன்னும் மந்தமாகிவிட்டது. யாழ்ப்பாணத்தில் காதைப் பரிசோதித்து ஒரு வரைபு எழுதித் தந்தார்கள். கோடு எங்கெங்கே விழுந்திருக்கிறதோ அங்கெல்லாம் கருவியில் கூட்ட வேண்டும். ஒரு சனிக்கிழமை காலை கருவியைக் கழற்றி வாங்கி, வயரில் கொழுவி, மேசையில் வைத்தேன். கருவி இல்லாவிட்டால் அவருக்கு இடி விழுந்தாலும் கேட்காது. அவர் எழுந்து பின்பக்கம் போய்விட்டார். நான் புது அளவுகளைப் போட்டு எழுது என்று கட்டளை கொடுத்தேன். எழுதி முடியும்வரை எதையும் நிறுத்தாதீர்கள் என்று திரையில் ஓர் எச்சரிக்கை வந்தது. நீலக் கோடு ஒன்று நகர்ந்தது. நாற்பத்தொரு வீதத்தில் சதுரம் கறுத்தது.

எதிர்பாராத பிழை என்று ஒரு வரி, அதன் கீழே ஒரு நீண்ட இலக்கம். வெளிக் கணினி ஒன்றுமே நடக்காததுபோல ஓடிக்கொண்டிருந்தது. அவசரமாகத் திரும்பத் திறந்து பார்த்தேன். கருவி இருக்கிறது, உள்ளே ஒன்றும் இல்லை என்றது மென்பொருள்.

அவர் வந்து கருவியைக் காதில் செருகி, விரலால் இரண்டு தரம் தட்டிப் பார்த்தார்.

"ஒண்டும் வரேல்லையே. பற்றரி மாத்தினனீரோ?"

"மாத்தினனான்," என்றேன். அவர் என் வாயைப் பார்த்தார். நான் தலையாட்டினேன். பிழை பற்றரியில் இல்லை என்பதை அப்போது சொல்லவில்லை.

அன்றிரவே மச்சாள் அந்த ஓய்வுபெற்ற மனிதரிடம் கேட்டுச் சொன்னார். கருவி சாகவில்லை. முழுவதுமாகத் திரும்ப எழுதினால் வேலை செய்யும். ஆனால் இரண்டாம் முறையும் பாதியில் நின்றால் பூட்டிக்கொள்ளும், பிறகு யாராலும் திறக்க முடியாது. "அண்ணி, மெசின் விழாது எண்டு நிச்சயமாய்த் தெரியாமல் தொடவேண்டாம்," என்றார். ஆக, எனக்கு மிஞ்சியது ஒரே ஒரு முறை.

என் கணவரின் வேலை யாழ்ப்பாணக் கொழும்புத்துறையில். கடற்கரையில் படகு எஞ்சின் திருத்துகிறவர். கடற்றொழிலாளர்கள் எஞ்சினை இழுத்து ஓடவிட்டுவிட்டு அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பார்கள். அவர் தலையைச் சரித்து இடது காதைக் கொடுப்பார். எங்கே பிழை என்பதைக் கழற்றுமுன்பே சொல்லிவிடுவார். கருவி ஊமையான பிறகும் மூன்று நாள் போனார். எஞ்சின் மூடியில் கையை வைத்து அதிர்வைப் பிடித்துப் பார்த்ததாகச் சொன்னார். சரிவந்ததா என்று கேட்டதற்குக் கையை விரித்தார். வேலை செய்யாத கருவியை எதற்குப் போட்டுக்கொண்டு போகிறீர்கள் என்று கொப்பியில் எழுதிக் காட்டினேன். அப்போதெல்லாம் நான் சொல்லவேண்டியதைக் கொப்பியில் எழுதுவேன், அவர் வாயால் பதில் சொல்லுவார்.

"கழட்டினா ஆக்கள் கேப்பினம்," என்றார்.

மூன்றாம் நாள் பின்னேரம் முன்வீட்டு அக்கா படலையைத் திறந்துகொண்டு வந்தார். கொக்குவிலில் எங்கள் ஒழுங்கை பெரிய வீதியில் ஏறுவதற்குமுன் தண்டவாளத்தைக் கடக்க வேண்டும். அந்த இடத்தில் கதவு கிடையாது. ரயில் ஊதிக்கொண்டு வரும், நாங்கள் நின்று கடப்போம்.

"தங்கச்சி, உன்ரை மனுசன் இண்டைக்குக் கோச்சிக்கு முன்னாலை போனவர். அது ஊதின ஊத்திலை நாங்கள் எல்லாரும் வெளியிலை வந்திட்டம். அவர் திரும்பியும் பாக்கேல்லை. அந்தக் கரையிலை ஏறி நிண்டு, காத்து அடிச்ச பிறகுதான் பாத்தவர்."

 அக்கா போனபின் நேரே போய்ச் சைக்கிளைப் பூட்டித் திறப்பை என் கைப்பையில் போட்டேன். மறுநாள் காலை அவர் திறப்பைத் தேடினார். கருவி சரிவந்த பிறகு தருகிறேன் என்று எழுதி நீட்டினேன். வாசித்துவிட்டுக் கொப்பியை மேசையில் வைத்தார்.

"நான் என்ன சின்னப்பிள்ளையே?"

அதற்குமேல் அவர் கேட்கவில்லை. கொழும்புத்துறையிலிருந்து தொலைபேசி வந்தது. அவருக்குச் சுகமில்லை என்று சொன்னேன். வருத்தமோ அண்ணைக்கு என்று அந்தப் பக்கம் கேட்டவருக்கு ஓம் என்று சொல்லி வைத்துவிட்டேன்.

அதிலிருந்து பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் கணினிக்கு முன்னால்தான் இருந்தேன். கருவியைத் தொடமாட்டேன். பெட்டியை மட்டும் இணைத்து, வேர்ச்சுவல் மெஷினை ஓடவிட்டு, விழுகிறதா என்று காவலிருப்பேன். மூன்று நாள் விழாமல் நின்றால் எழுதலாம் என்பது நான் எனக்கே போட்ட சட்டம். விழும் நேரத்தை ஒரு கொப்பியில் குறித்தேன். மூன்றே கால். மூன்று ஐம்பது. நான்கு இருபது. சில நாள் இரண்டு மணித்தியாலம் தாக்குப்பிடிக்கும். சில நாள் பத்து நிமிடத்தில் குப்புற விழும். ஒரு ஒழுங்கும் கிடையாது.

உள்கணினிக்குக் கொடுத்த நினைவகம் அதிகமோ என்று குறைத்தேன். விழுந்தது. வைரஸ் காவல் மென்பொருள் குறுக்கே நிற்கிறதோ என்று அதை நிறுத்தினேன். விழுந்தது. வேர்ச்சுவல் மெஷின் மென்பொருளைப் புதுப்பித்தேன். பிறகு அதை அழித்துப் பழைய பதிப்பைப் போட்டேன். இரண்டும் விழுந்தன. கணினிப் பெட்டகத்தைக் கழற்றி ராம் துண்டுகளை வெளியே எடுத்து, பிள்ளைகளின் அழிறப்பரால் அவற்றின் பல்லைத் தேய்த்துப் பூட்டினேன். எங்கள் பக்கத்துக் கைவைத்தியம் இது. நூற்றுக்கு ஐம்பது பலிக்கும். வகுப்பில் நான் படிப்பிப்பது வேறு: ஒரு நேரத்தில் ஒரு மாற்றம் செய், பிறகு பார், பிறகு அடுத்தது. வீட்டில் ஒரே நாளில் ஐந்தை மாற்றிவிட்டு எது எதைச் செய்தது என்று தெரியாமல் முழிசிக்கொண்டிருந்தேன். ஊருக்குத்தான் உபதேசம்.

பிழைப்பதிவுக் கோப்பைத் திறந்து வரி வரியாக வாசித்தேன். ஒவ்வொரு முறையும் விழுவதற்குமுன் ஒரே வரி: வெளிச்சாதனம் துண்டிக்கப்பட்டது. பெட்டியை இணைக்காமல் விட்டால் விழுவதே இல்லை. அப்படியானால் வயர்தான். புது வயர் வாங்கினேன். விழுந்தது. கணினியில் வேறு துளையில் செருகினேன். விழுந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை எட்டிலிருந்து மாலை ஆறுவரை நின்றது. அன்று அவரை ஒரு சொந்தக்காரர் காரில் ஏற்றிக்கொண்டு கலியாணவீட்டுக்குப் போயிருந்தார். எனக்கு மனம் ஆறியது. கொப்பியில், இன்று விழவில்லை, அழிறப்பர் வேலை செய்துவிட்டது என்று எழுதி அடிக்கோடும் போட்டேன். திங்கள் பின்னேரம் நான்குதரம் விழுந்தது.

திருத்தத் திருத்தக் கூடிக்கொண்டுதான் போனது. கிணறு வெட்டப் பூதம் புறப்பட்ட கதை. முதல் வாரத்தில் நாளுக்கு இரண்டுதரம் விழுந்தது இரண்டாம் வாரத்தில் ஆறுதரம், ஏழுதரம் என்று வந்தது. நான் தொட்டதெல்லாம் கெட்டதோ என்று பயமாக இருந்தது. ஆசிரியர் அறையில் ஒருவர் தன் வகுப்பைப் பற்றிச் சலித்துக்கொண்டு, செவிடன் காதிலை ஊதின சங்குதான் என்றார். நானும் எத்தனையோ தரம் சொன்ன பழமொழிதான். எழுந்து வெளியே போய்க் குழாயடியில் முகத்தைக் கழுவிக்கொண்டு நின்றேன்.

வீட்டில் அவர் சுருங்கிக்கொண்டு வந்தார். முற்றம் கூட்டினார். மாமர இலைகளை அள்ளி எரித்தார். தேவையில்லாத ஆணிகளைப் பிடுங்கி நிமிர்த்தினார். முன்பெல்லாம் கடற்கரைக் கதை ஏதாவது கொண்டுவந்து இரவுச் சாப்பாட்டில் சொல்லுவார். இப்போது சொல்ல ஒன்றும் இல்லை. கொண்டுவர வழியில்லாமல் சைக்கிளைப் பூட்டியவள் நான். இருந்தும் அவர் பேசாமல் இருப்பது எனக்குக் கோபமாகத்தான் வந்தது.

சாவகச்சேரியில் கணினி திருத்தும் கடை வைத்திருக்கும் ஒருவர் வேர்ச்சுவல் மெஷின் விஷயத்தில் கெட்டிக்காரர் என்று கேள்விப்பட்டேன். ஐம்பது வயதிருக்கும், வங்கியில் கணினிப் பகுதியில் இருந்து விலகி வந்தவர். ஒரு நாள் லீவு போட்டுவிட்டுப் பெட்டகம், பெட்டி, ட்ரான்ஸ்போமர் எல்லாவற்றையும் ஒரு உரப்பையில் போட்டு, பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு போனேன். கருவியை மட்டும் கொண்டுபோகவில்லை. அதைக் கழற்றித் தாருங்கள் என்று கேட்க அன்று எனக்கு முகமில்லை.

இரண்டு நாள் கழித்துக் கடைக்காரர் தொலைபேசினார்.

"ரீச்சர், இது இஞ்சை நல்லாத்தான் ஓடுது. நேற்று முழுநாள் விட்டுப் பாத்தனான், இண்டைக்கும் விட்டனான். ஒருக்காலும் விழேல்லை."

"அப்ப என்ன பிழை?"

"பிழை ஒண்டும் இல்லை ரீச்சர். உங்கடை வீட்டிலைதான் ஏதோ கிடக்கு."

உங்கள் வீட்டில்தான் என்ற அந்தச் சொல் எனக்குச் சுட்டது. வருத்தக்காரன் வைத்தியரைக் கண்டதும் எழும்பி உட்கார்ந்ததுபோல இந்தச் சனியன் அங்கே போய் என் மானத்தை வாங்கியிருக்கிறது. கருவியைக் கொண்டுபோய் அங்கேயே வைத்து எழுதியிருக்கலாம் என்று இப்போது யாரும் சொல்லலாம். அந்தக் கடைக்காரரும் சொன்னார். ஆனால் ஒருதரம் எழுதினால் முடிகிற வேலையல்ல அது. போட்டுப் பார்த்து, கூட்டி, குறைத்து, திரும்ப எழுத வேண்டும். இன்றைக்கு அங்கே எழுதி, நாளைக்கு வீட்டில் ஒன்றை மாற்றப்போய்ப் பூட்டிக்கொண்டால்? இது சொல்லக்கூடிய காரணம். சொல்லக்கூடாத காரணம், கணினி ரீச்சர் தன் வீட்டுக் கணினியைத் தானே திருத்த முடியாமல் சாவகச்சேரிக்கு அலைகிறாள் என்ற பேச்சு. ஒரு மனிதனின் காது ஒரு பக்கம், என் மானம் ஒரு பக்கம். நான் எதைப் பார்த்தேன் என்று எழுத வெட்கமாக இருக்கிறது.

வீட்டுக்குக் கொண்டுவந்து பூட்டி, ஓடவிட்டு இருபதாவது நிமிடம் விழுந்தது. மேசையில் ஓங்கிக் குத்தினேன். அந்த நேரம் பார்த்து அவர் வாசலில் வந்து நின்று, "தேத்தண்ணி போடட்டே?" என்று கேட்டார். நான் திரும்பி என்னென்னவோ சொன்னேன். உங்களுக்காகத்தான் இந்தப் பாடு, நீங்கள் தேத்தண்ணி தேத்தண்ணி என்று நிற்கிறீர்கள் என்றெல்லாம். கேட்காத மனிதரிடம் எவ்வளவு சத்தமாகவும் எவ்வளவு கெட்டதாகவும் சொல்லலாம் என்பதை அந்த மூன்று வாரத்தில் நான் பழகியிருந்தேன். அவர் என் முகத்தைச் சிறிது நேரம் பார்த்தார். பிறகு பின்பக்கம் போய்விட்டார்.

பத்து நிமிடம் இருக்கும். திரும்ப ஓடவிட்டுவிட்டுக் கன்னத்தில் கை வைத்துக்கொண்டிருந்தேன். குசினிக்குள் எரிந்துகொண்டிருந்த மின்குமிழ் ஒருகணம் மங்கி நிமிர்ந்தது. சதுரம் கறுத்தது.

 பின்வளவிலிருந்து ஒரு சத்தம் வந்துகொண்டிருந்தது. கிணற்றடியில் தண்ணீர் மோட்டர். மூன்று வாரமும் அது ஓடியிருக்க வேண்டும். எங்கள் ஒழுங்கையில் எந்த நேரமும் யாரோ ஒருவர் வளவில் மோட்டர் ஓடும். அதை யார் காது கொடுத்துக் கேட்கிறார்கள்?

எழுந்து சுவரைப் பார்த்தேன். கணினி யூபிஎஸ்ஸில் இருந்தது. கரண்ட் ஆடினாலும் அது தாங்கிக்கொள்ளும். ட்ரான்ஸ்போமரின் பாரத்தை யூபிஎஸ் தாங்காது என்று அதைக் குசினிச் சுவரிலிருந்த துளையில் செருகியிருந்தேன். அதே வயரில்தான் கிணற்றடி மோட்டரும். இரண்டு வருடங்களுக்கு முன் மேசை முன்னறையில், வேறு வயரில் இருந்தது. கூரை ஒழுகியதால் கணினியைக் குசினிப் பக்கத்து அறைக்கு மாற்றியிருந்தேன். மோட்டர் கிளம்பும் கணத்தில் கரண்ட் ஒருமுறை தாழும். பெட்டி கண்ணை மூடித் திறக்கும். அந்த ஒரு கணம் போதும், வேர்ச்சுவல் மெஷின் விழுந்துவிடும். வெளிக் கணினிக்கு ஒன்றும் தெரியாது. இவ்வளவுதான் விஷயம். ஒரு வரியில் சொல்லிவிடலாம்.

மோட்டர் நின்றது. கொஞ்ச நேரத்தில் திரும்பக் கிளம்பியது. கொப்பியைத் தூக்கிக்கொண்டு பின்னால் போனேன்.

அவர் கிணற்றடியில் குந்தியிருந்தார். ஒரு கையை மோட்டரின் முதுகில் வைத்திருந்தார். எஞ்சினில் வைப்பதுபோலவே. கொஞ்ச நேரம் வைத்திருந்துவிட்டு ஆளியைத் தட்டி மோட்டரை நிறுத்தினார். ஏணியில் ஏறித் தண்ணீர்த் தாங்கியின் மூடியைத் திறந்து உள்ளே பார்த்தார். இறங்கி வந்து திரும்பப் போட்டார். அப்போதுதான் என்னைக் கண்டார்.

ஏன் ஒரேயடியாக விடாமல் இப்படிப் போட்டுப் போட்டு நிறுத்துகிறீர்கள் என்று எழுதிக் காட்டினேன்.

"நிரம்பி வழிஞ்சா எனக்குக் கேக்காதெல்லே," என்றார். "அண்டைக்கு வழிஞ்சு முன்வீட்டுக்காரரின்ரை வளவுக்குள்ளையும் போயிட்டுது. நீர் நல்லாய் ஏசினீர். அதுக்குப் பிறகு கொஞ்சங் கொஞ்சமாய்த்தான் விடுறன்."

எனக்கு நினைவு வந்தது. சைக்கிளைப் பூட்டிய மறுநாள். பள்ளிக்கூடம் விட்டு வந்தபோது தாங்கி வழிந்து முற்றம் குளமாகக் கிடந்தது. அவர் நிழலில் பத்திரிகை வாசித்துக்கொண்டிருந்தார். ஒழுங்கைக்குக் கேட்கக் கத்தினேன். கத்திவிட்டு மறந்தும்போனேன்.

உங்களுக்குத்தான் கேட்கவில்லையே என்று எழுதினேன்.

"என்ன சொன்னனீர் எண்டு கேக்கேல்லை. முகம் தெரிஞ்சுதுதானே." ஆளியை நிறுத்திவிட்டு எழும்பினார். "வீட்டிலை நிண்டா வேறை என்ன வேலை எனக்கு? அடிக்கடி பாத்துக்கொள்ளுவம் எண்டு விடுறன். பிழையே?"

முன்பு கடற்கரைக்குப் போகுமுன் காலையில் ஒருமுறை மட்டும் மோட்டரைப் போடுவார். சைக்கிளைப் பூட்டி அவரை வீட்டில் வைத்தவள் நான். வழியவிட்டதற்குக் கத்தியவளும் நான். எனக்குப் பயந்து அவர் நாளுக்கு ஏழுதரம் ஆளியைத் தட்ட, நான் உள்ளே அழிறப்பரால் ராம் தேய்த்துக்கொண்டிருந்தேன்.  கொப்பியை மூடித் தலையை இல்லை என்று ஆட்டினேன். கண் நிறைந்துவிட்டது. அவர் கலங்கிப்போய், "தண்ணி வழியேல்லையே இண்டைக்கு," என்றார்.

மேசையைப் பழையபடி முன்னறைக்கு இழுத்தோம். மோட்டரைத் தொடக்கூடாது என்று எழுதிக் காட்டினேன். அவர் ஏன் என்று கேட்டதற்கு முழுவதையும் எழுதினேன், ஒரு பக்கத்துக்குமேல் வந்தது. வாசித்துவிட்டு, "உது எஞ்சினிலையும் வாறதுதான்," என்றார். "பிழை ஒரு இடம், சத்தம் வேறை இடம்."

என் சட்டப்படி மூன்று நாள் பொறுத்தேன். ஒருதரமும் விழவில்லை. நான்காம் நாள் சனிக்கிழமை. அவர் கருவியைக் கழற்றித் தந்துவிட்டு எனக்குப் பக்கத்தில் கதிரை போட்டு உட்கார்ந்தார். வரைபைப் பார்த்து அளவுகளைப் போட்டேன். மூன்றுதரம் சரிபார்த்தேன். எழுது என்று அழுத்தினேன். நீலக் கோடு நகர்ந்தது. நாற்பது. நாற்பத்தொன்று. நாற்பத்திரண்டு. அதற்குப் பிறகுதான் மூச்சு விட்டேன். எழுபதில் ஒருகணம் நின்றது.  அவர் திரையைப் பார்க்காமல் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். மூன்று வாரமாக அவர் எல்லாவற்றையும் அதில்தான் வாசித்துக்கொண்டிருந்தார். கோடு திரும்ப நகர்ந்தது. நூறு வந்தது.

வயரைக் கழற்றி, புதுப் பற்றரி போட்டு நீட்டினேன். அவர் செருகினார். தட்டிப் பார்க்கவில்லை.  யன்னல் பக்கம் திரும்பினார். வெளியே ஒரு காகம் கத்திக்கொண்டிருந்தது. முகத்திலிருந்து எனக்கு ஒன்றும் பிடிபடவில்லை.

"கேக்குதோ?" என்றேன்.

அவர் திடுக்கிட்டுக் கையைக் காதுக்குக் கொண்டுபோனார். பிறகு மெல்லச் சிரித்தார். சந்தோசம்தான். கண்ணும் கலங்கியிருந்தது.

"எல்லாம் கேக்குது," என்றார். "ஏன் ஏசுறீர்?"

நான் ஏசவில்லை. கேட்குதோ என்றுதான் கேட்டேன், வேறொன்றும் இல்லை. குரலைத் தாழ்த்திக்கொண்டு அதைச் சொல்லப் பார்த்தேன்.

"நான் ஏசேல்லையப்பா."

அதுவும் ஏச்சாகத்தான் வந்தது.